திண்டோடு ஒரு பயணம்

நேயர்களுக்கு வணக்கம். பாபின் லேஸ், அதாவது குச்சிகளில் சுற்றிய நூல்களைக் கையாலேயே பின்னிச் செய்யும் லேஸ். பாதியில் இருக்கும் அந்த வேலையைப் பயணத்தில் கலையாமல் எப்படி எடுத்துப் போவது என்று இன்று பார்ப்போம். பாபின் லேஸ் என்றதும் தையல் மிஷினுக்குள் சுழலுமே, அந்தச் சின்ன உருளையை நினைத்துவிடாதீர்கள். இந்த பாபின் ஒரு மெல்லிய மரக்குச்சி, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இருக்கும். அதன் கழுத்தில் நூல் சுற்றியிருக்கும். கெட்டியாக அடைத்த ஒரு திண்டு, அதன் மேல் துளையிட்ட மாதிரி அட்டை, துளைகளில் குண்டூசிகள். சடை பின்னத் தெரியும் இல்லையா? மூன்று கால், ஐந்து கால் பின்னுவோம். இது ஐம்பது கால் பின்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வேலை இரண்டுதான்: குறுக்கே மாற்று, முறுக்கு. குறுக்கு, முறுக்கு.

குரோஷா வேலை என்றால் ஒரே ஒரு கண்ணி அவிழாமல் பார்த்தால் போதும், பையில் திணித்துக்கொண்டு கிளம்பலாம். லேஸ் அப்படியல்ல. ஒவ்வொரு குச்சியும் தன் எடையால் தன் நூலைத் தானே இழுத்துப் பிடித்திருக்கிறது. எந்தக் குச்சிக்குப் பக்கத்தில் எது என்ற வரிசைதான் அங்கே எல்லாம். வரிசை போனால் போச்சு.

எப்படிப் போகும் என்று எனக்கு ஒரு ரயில் பயணம் சொல்லிக்கொடுத்தது. 24 ஜோடி, அதாவது 48 குச்சிகள், பாதி முடிந்த ஒரு கரை. ஒரு துணியை மட்டும் மேலே போர்த்தி, திண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். எதிர் இருக்கைக்காரர் ரொம்ப நல்ல மனிதர். "மெத்தை கீழே விழுந்துடும்னு மேலே வெச்சிட்டேம்மா" என்றார். வைத்தது சரி, கவிழ்த்து வைத்திருந்தார்! ஓரத்தில் நூல்கள் தொங்குகின்றன. எல்லாம் மணி கோத்த பாபின்கள் வேறு. இங்கிலாந்தின் கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதி வழக்கம் அது. குச்சி உருளாமல் இருக்கவும் எடைக்கும் நுனியில் கண்ணாடி மணி கட்டுவார்கள். மேசையில் அழகு. ரயிலில் ஒரு மணி இன்னொன்றின் நூலைக் கொக்கி போட்டு இழுக்கும். அந்த மனிதர் பாவம், இரண்டு ஸ்டேஷன் வரை டார்ச் பிடித்தார். நான் இறங்கும்வரை பிரித்தேன், வீட்டுக்குப் போயும் பிரித்தேன்.

அன்று முதல் பயணத்துக்கு மணி இல்லாத குச்சிதான். இங்கிலாந்தின் ஹோனிட்டன் ஊர் லேஸ்காரர்களின் பாபின் வழவழப்பாக, நுனி கூராக இருக்கும். கண்ணிக்குள் நுழைத்து இணைக்க வேண்டும் என்பதால் அப்படி. மூட்டை கட்டவும் அதுவே சௌகரியம்.

கட்டுவது எப்படி? முதலில் குண்டூசிகளைத் தலை வரை அழுத்துங்கள். பிறகு ஒரு நாடாவை ஒரு குச்சிக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பாய் முடைவதுபோல் நுழைத்து, இரண்டு முனையையும் திண்டில் குத்துங்கள். வரிசை அசையாது. திரும்பச் சொல்கிறேன், வரிசை! அதன் மேல் துணியைச் சுற்றி, எது மேல்பக்கம் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உதவி செய்ய எல்லோருக்கும் கை வரும். திண்டும் சிறியதாக இருக்கட்டும். வைக்கோல் திண்டு கனம், நுரைத் திண்டு லேசு.

விமான நிலையத்தைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்தேன், அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: எக்ஸ்ரே திரையில் நூறு ஊசியும் ஐம்பது குச்சியும் தெரிந்தால் கேட்கத்தான் செய்வார்கள். கோபப்படாமல் துணியை விலக்கி, நாலு முறுக்கு போட்டுக் காட்டுங்கள். கத்தரிக்கோல் ஐரோப்பிய விமான நிலையங்களில் அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் திருகாணியிலிருந்து 4 அங்குலத்துக்குள். ஆனாலும் கடைசி முடிவு சோதனை அதிகாரியுடையது. பாட்டி காலத்துத் தந்தப் பாபின் இருந்தால் வீட்டிலேயே வையுங்கள். எவ்வளவு பழசானாலும் தந்தம் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் கேட்பார்கள். எலும்புப் பாபின் கதை வேறு, அதை... சரி, சிவப்பு விளக்கே போட்டுவிட்டார்கள். வணக்கம்.