இரண்டாவது திண்டு

நேயர்களுக்கு வணக்கம். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சத்தம் கேளுங்கள்.

(மரக்கட்டைகள் உரசி உருளும் ஒலி)

கையால் லேஸ் பின்னும்போது எழுகிற சத்தம் இது. விரல் நீளக் கட்டைகள், பாபின் என்போம். ஒவ்வொன்றிலும் நூல் சுற்றியிருக்கும். வைக்கோலை இறுக அடைத்த திண்டின் மேல் அவை வரிசையாகக் கிடக்கும். வரலாற்றுத் திருவிழாக்களில் இந்தத் திண்டோடு உட்கார்ந்து பின்னிக் காட்டுகிறேன்.

"இத்தனை கட்டையில எது எங்க போகணும்னு எப்படித் தெரியுது?" வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். திண்டில் முப்பது ஜோடி கிடந்தாலும் ஒரு நேரத்தில் கையில் இருப்பவை நான்கே. இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை மூன்றின் மேல் போட்டால் குறுக்கு. அடுத்து, இரண்டை ஒன்றின் மேலும் நான்கை மூன்றின் மேலும் போட்டால் முறுக்கு. எண் கட்டைக்கு உரியதல்ல, அது கிடக்கும் இடத்துக்கு உரியது. இதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் துணிபோல அடர்த்தியாக வரும். குறுக்கு, முறுக்கோடு நிறுத்தினால் வலைபோலக் கண் விடும். பூவும் இலையும் இந்த இரண்டு அசைவிலிருந்தே பிறக்கின்றன. அடியில் துளையிட்ட அட்டை இருக்கிறது. துளைதோறும் குண்டூசி குத்தினால் பின்னல் நகராமல் நிற்கும்.

ஆரம்பத்தில் நான் முடித்த லேஸ்களைக் கறுப்புத் துணியில் பரப்பி வைப்பேன். "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது வலித்தது. அதன்பின் இரண்டாவது திண்டு ஒன்றைத் தயார் செய்தேன். தடித்த வண்ண நூல், பெரிய கட்டைகள், வெறும் நான்கு ஜோடி. வருகிறவர் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு குறுக்கு, ஒரு முறுக்கு, ஓர் ஊசி. ஊசி குத்திய மனிதர் உடனே எழுந்து போவதில்லை. என் திண்டைத் திரும்பிப் பார்ப்பார், இம்முறை கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவும்.

அப்போதுதான் கதையைச் சொல்வேன். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வெனிஸிலும், இன்றைய பெல்ஜியப் பகுதியான ஃப்ளாண்டர்ஸிலும் வளர்ந்த கலை இது. 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமண உடைக்கு இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பெண்கள் லேஸ் பின்னினார்கள். அதற்கு முன்பே, 1809இல், ஜான் ஹீத்கோட் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கைவேலையின் கூலி சரிய அதுவும் ஒரு காரணம். மகாராணி கதையோடு நிறுத்தினால் கூட்டத்துக்குப் பிடிக்கும். எனக்கு மனம் ஒப்பாது. லேஸ் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்தார்கள். குத்துகிற ஊசிகளை எண்ண அவர்களுக்குத் தனிப் பாட்டுகளே இருந்தன. இரவில் ஒரே மெழுகுவர்த்தி. அதன் முன்னே தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை. அது குவித்துத் தரும் வெளிச்சத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டு பின்னினார்கள். அப்படியொரு குடுவையை மேசையில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் பேச்சு அடங்கிவிடும்.

பழங்கால உடை அணிவதை நான் விட்டுவிட்டேன். உடுத்தினால் எல்லோரும் உடையைப் படம் எடுக்கிறார்கள், கைவேலை அவர்களுக்கு மறந்துபோகிறது.

2018இல் ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் கலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலில் இருப்பதால் மட்டும் விரல்களுக்குப் பழக்கம் வந்துவிடாதே!

இரண்டாவது திண்டில் வந்தவர்கள் பின்னியது இப்போது ஒரு முழத்துக்கு மேல் நீண்டுவிட்டது. ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொளதொளப்பு, நடுவில் ஒரு குழந்தை முறுக்கை மறந்த இடம். எதையும் நான் அவிழ்த்துச் சரிசெய்ததில்லை. அடுத்து வருகிறவர் அங்கிருந்தே தொடங்குவார்.

நன்றி, வணக்கம்.