மேல்பூச்சா மொழி?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வகுப்பறையைத் தீர்மானிப்பது பாடநூலும் வசதியுமா, ஆசிரியரின் மனப்பாங்கும் மொழியுமா என்பது இன்றைய கேள்வி. எதிரணித் தலைவர், "நல்ல புத்தகமும் பயிற்சியும் கொடுங்கள் போதும், மொழியெல்லாம் மேல்பூச்சு, கனிவாகப் பேசச் சொன்னால் பேசிவிட்டுப் போகிறார்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். அந்த மேல்பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்ப்போம்.

அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு? ஒரு பையன் "ஐந்தில் இரண்டு" என்கிறான். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிட்டான். பின்னம் படிக்கிற பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தவறுதான். 'இவனுக்குக் கணக்கு வராது' என்று முன்னாடியே முடிவு கட்டிவிட்டவர், "தப்பு, அடுத்து நீ சொல்லு" என்று நகர்ந்துவிடுவார். 'ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் சொல்கிறான்' என்று நினைப்பவர் கேட்பது வேறு. "ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரிசா, சின்னதா?" "சின்னது சார்." "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிடா குறைஞ்சுது?" பையன் மாட்டிக்கொண்டான்! இனி ஆறில் மூன்று, ஆறில் இரண்டு என்று பகுதியைச் சமமாக்கச் சொன்னால், எதற்கு என்று அவனுக்கே தெரியும். புத்தகம் அதேதான், பக்கமும் அதேதான். மாறியது அவனைப் பற்றி ஆசிரியர் வைத்திருக்கும் எண்ணம்.

"ஆசிரியரின் எதிர்பார்ப்பு பற்றிய 1968 ஆய்வில் ஓட்டை இருக்கிறதே" என்று எதிரணி கேட்கலாம். ரோசந்தாலும் ஜேக்கப்சனும் குருட்டாம்போக்கில் பொறுக்கிய 20 சதவீதப் பிள்ளைகளை 'வேகமாக வளரப்போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்த ஆய்வு அது. அந்த எதிர்பார்ப்பால் அவர்கள் முன்னேறியது தெளிவாகத் தெரிந்தது முதல் இரண்டு வகுப்புகளில்தான். அளந்த முறை பற்றியும் கடுமையான விமர்சனம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் அதன்மேல் நிற்கவில்லை.

கடிகாரத்தின்மேல் நிற்கிறது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு விநாடி! அதிலும் நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியரே கருதிய பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி. மக்கு என்று கருதியவர்களுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிறவனுக்குப் பாதி நேரம். எந்த ஆசிரியரும் திட்டம் போட்டு இப்படிச் செய்வதில்லை. மனதில் இருப்பது விநாடியாகக் கசிகிறது, அவ்வளவுதான். காத்திருப்பை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன.

கனிவாகப் பேசினால் போதும் என்றாரே, அதற்கு வருகிறேன். "பரவாயில்லைம்மா, எல்லாருக்கும் கணக்கு வராது." எவ்வளவு இனிமை! 2012-இல் ரத்தன், குட், டுவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் இந்த ஆறுதலைத்தான் ஆராய்ந்தார்கள். திறமை பிறவியிலேயே வருவது என்று நம்புகிறவர்கள், ஒரே ஒரு குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் ஆறுதல் சொல்லவும் வீட்டுப்பாடத்தைக் குறைக்கவும் முற்பட்டார்கள். அப்படி ஆறுதல் சொல்லப்பட்ட மாணவர்களோ தங்கள் இறுதி மதிப்பெண்ணும் குறைவாகவே வரும் என்று எதிர்பார்த்தார்கள். மனப்பாங்கு மாறாமல் சொல்லை மட்டும் இனிப்பாக்கினால், கைவிடுவதையும் சிரித்துக்கொண்டே செய்யலாம். "விடாம முயற்சி பண்ணு" என்பதும் இதே ரகம்தான். எந்த வரியில் பிழை, அடுத்து எதைச் செய்து பார்க்க வேண்டும் என்று காட்டாத ஊக்கம் வெறும் காற்று.

"சரி, என்னதான் செய்வது?" நடைமுறையைச் சொல்கிறேன். கைபேசியில் தன் வகுப்பை 20 நிமிடம் ஒலிப்பதிவு செய்து, ஆசிரியர் தானே கேட்கட்டும். கேள்விக்குப் பின் எத்தனை விநாடி, யார் யார் பெயரைக் கூப்பிட்டார், தவறான பதிலுக்குப் பின் முதலில் வந்த சொல் என்ன, இந்த மூன்றை மட்டும் குறிக்கட்டும். அடுத்த வகுப்பில் கேள்வியை முதலில் கேட்டு, மூன்று விநாடி கழித்துப் பெயரைச் சொல்லட்டும். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் 'தப்பிச்சோம்' என்று யோசிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அமைதி சங்கடமாக இருக்கிறதே என்று இடையில் கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்கக் கூடாது. பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரே சொல்லில் பதில் வரும் மனப்பாடக் கேள்விக்கு இந்தக் காத்திருப்பால் பெரிய பயன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது" என்றுதான் கத்தும். "இதில் எந்த வரியில் ஒருவர் தடுமாறுவார்?" என்று கேளுங்கள், புரியாதவன் தன்னைக் காட்டிக்கொடுக்காமலேயே அந்த வரியைக் காட்டிவிடுவான்.

இனி எதிரணியின் முறை. எந்தப் பாடநூலின் எந்தப் பக்கம் அந்த ஒரு விநாடியை மூன்றாக்கும் என்று அவர்கள் வந்து சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.