தேர்வுத் தாளில் ஒரு மெட்டு

நேயர்களுக்கு வணக்கம். மேலை இசைக் கோட்பாட்டுத் தேர்வுகளில் கேட்கப்படும் ஒரே ஒரு வினாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டு பார் அளவுக்கு ஒரு தொடக்கத்தை அச்சிட்டுக் கொடுத்து, அதை வளர்த்து, குறிப்பிட்ட ஓர் இசைக்கருவிக்கு எட்டு பாருக்குக் குறையாத மெட்டாக எழுதி முடிக்கச் சொல்லும் வினா அது. தாளக்கணக்கில் நாம் ஆவர்த்தம் என்று எண்ணுவதைப் போன்ற ஓர் அளவைத்தான் அங்கே பார் என்கிறார்கள். அதுவரை சுரங்களுக்கிடையிலான இடைவெளிகளையும், சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளான கார்டுகளையும் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள், இந்த வினாவுக்கு வந்தவுடன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்குவதை, சென்னையில் நான் நடத்தும் மாதிரித் தேர்வுகளில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

இத்தகைய தேர்வுகளை நடத்தும் அமைப்புகளில் நம் ஊர் மாணவர்கள் நன்கு அறிந்தவை இரண்டு: லண்டனின் டிரினிட்டி கல்லூரி ஒன்று; 1889-ஆம் ஆண்டு அதே நகரில் தொடங்கப்பட்ட, ஏபிஆர்எஸ்எம் என்று சுருக்கமாக வழங்கும் வாரியம் மற்றொன்று. இந்த வாரியத்தின் ஐந்தாம் கிரேடு கோட்பாட்டுத் தாளிலேயே முன்பு மெட்டெழுதும் வினா இருந்தது. இப்போது கீழ்க் கிரேடுகளின் தேர்வு கணினிக்குப் போய்விட்டதால், விடையைத் தேர்ந்து சொடுக்கும் வகை வினாக்களே அங்கே மிகுதி; மெட்டெழுதும் வேலை ஆறாம் கிரேடிலிருந்துதான் மாணவரின் தலையில் விழுகிறது. எனக்கு இந்த மாற்றத்தில் உடன்பாடில்லை. ஐந்து ஆண்டுகள் எதையும் படைக்காமல் விதிகளை மட்டும் பயின்ற பிள்ளையிடம், ஆறாம் ஆண்டில் திடீரென்று ஒரு மெட்டு கேட்டால், அது கூரையைப் பார்க்காமல் வேறு என்ன செய்யும்?

நான் மாணவனாக இருந்தபோது இதே வினாவில் நிறைய மதிப்பெண்ணை இழந்தேன். தேர்வாளரை வியக்க வைக்கவேண்டும் என்ற ஆசையில், ஒவ்வொரு பாரிலும் ஒரு புதிய எண்ணத்தைக் கொண்டுவந்து நிரப்பினேன். மூன்றாம் பாரில் மூன்று மூன்றாகப் பிரித்த ஓட்டம், நான்காம் பாரில் பெரிய தாவல், ஐந்தாம் பாரில் வேறொரு தாளக்கட்டு. மெட்டு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். உண்மையில் அது எட்டு மெட்டுகளின் முதல் அடிகளை ஒட்டிவைத்த துணுக்கு மூட்டை. பல ஆண்டுகள் கற்பித்த பிறகும், நான் திருத்தும் விடைத்தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை இதுதான். கற்பனை குறைவாக இருப்பதால் மதிப்பெண் போவதில்லை. கொடுத்ததைப் பயன்படுத்தாமல் புதிது புதிதாகக் கொட்டுவதால்தான் போகிறது.

வானொலியில் ஐந்து கோடுகளை வரைந்து காட்ட இயலாது என்பதால், நம் சுரப்பெயர்களாலேயே சொல்கிறேன். மேஜர் ஸ்கேல் என்று அவர்கள் சொல்வது, கமகங்களை நீக்கிப் பார்த்தால், நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களே. பீத்தோவன் 1824-இல் வியன்னாவில் அரங்கேற்றிய ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில், உலகம் முழுவதும் அறிந்த ஒரு மெட்டு வருகிறது. அதன் முதல் நான்கு பார் இப்படிப் போகும்: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. அடுத்த நான்கு பாரும் அதே சுரங்கள்தாம். கடைசியில் மட்டும் க ரி ரி என்று நின்றது ரி ஸ ஸ என்று இறங்கி அமர்கிறது. இந்த எட்டு பாரில் ஸ முதல் ப வரை ஐந்து சுரங்களே உள்ளன. ஓரிடத்திலும் தாவல் இல்லை. எல்லாம் அடுத்தடுத்த படிகள், அல்லது நின்ற இடத்திலேயே இன்னொரு முறை. முதல் பாதி ரிஷபத்தில் நிற்கும்போது, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல ஓர் உணர்வு எழுகிறது. அந்த இடத்தை இம்பெர்ஃபெக்ட் கேடன்ஸ் என்றும், ஸட்ஜத்தில் வந்து அமரும் இடத்தைப் பெர்ஃபெக்ட் கேடன்ஸ் என்றும் தேர்வு நூல்கள் அழைக்கும். இவ்வளவு எளிய மெட்டு பீத்தோவனுக்கு எளிதில் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தம் குறிப்பேடுகளில் அதைப் பல வடிவங்களில் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறார்.

இப்போது நாமே ஒரு மெட்டை எழுதிப் பார்ப்போம். பாருக்கு நான்கு எண்ணிக்கை. வினாத்தாள் கொடுத்த தொடக்கம் இது: க ம ப மேல்ஸ, நி த ப என்று இறங்கி, பஞ்சமத்தில் இரண்டு எண்ணிக்கை நிற்கிறது. இதில் என்ன இருக்கிறது என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். மூன்று படி ஏற்றம் ஒன்று, ப-விலிருந்து மேல் ஸ-வுக்கு ஒரு தாவல், பிறகு மூன்று படி இறக்கம், முடிவில் ஒரு நிறுத்தம். இந்த நான்கும்தான் நம் கைமுதல். அடுத்த இரண்டு பாருக்கு, இதையே ஒரு படி கீழே இறக்கி எழுதுவது வழக்கம். அதைச் சீக்வென்ஸ் என்பார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினால் ரி க ம நி என்று வரும். ம-விலிருந்து நி-க்குத் தாவுவது மூன்று முழு இடைவெளி கொண்ட ட்ரைடோன்; மேலைப் பாடகரின் தொண்டை பல நூற்றாண்டுகளாகத் தவிர்த்துவந்த தாவல் அது. ஆகவே நிஷாதத்தை விட்டுத் தைவதத்தைப் பிடிப்போம்: ரி க ம த, ப க ரி. ரிஷபத்தில் நிறுத்தியாயிற்று, கேள்வி கேட்டாயிற்று.

ஐந்தாம் பாரில் சற்று உயரே போகலாம். மூன்று படி ஏற்றத்தை நான்கு படியாக நீட்டி, ப த நி மேல்ஸ என்று எழுதுகிறோம். ஆறாம் பாரில் மேல்ரி, மேல்ஸ, த. முழு மெட்டிலும் மிக உயர்ந்த சுரமான அந்த மேல் ரிஷபம் ஒரே ஒரு முறை, மெட்டு முக்கால் தொலைவைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் வருகிறது. உச்சத்தை இரண்டாம் பாரிலேயே தொட்டுவிட்ட மெட்டு, மீதி ஆறு பாரிலும் மூச்சிரைத்துக்கொண்டே நடக்கும். இனி முடிவு: க ம ப ரி, ஸ. தொடக்கத்தின் மூன்று படி ஏற்றம் அப்படியே திரும்ப வருகிறது. அங்கே பஞ்சமத்திலிருந்து நான்கு சுர அளவு மேலே தாவிய மெட்டு, இங்கே அதே பஞ்சமத்திலிருந்து அதே அளவு கீழே தாவி, ரிஷபம் வழியாக ஸட்ஜத்தில் அமர்கிறது. இதில் நான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது எதுவும் இல்லை. எல்லாம் அந்த முதல் இரண்டு பாரில் கிடந்தவை. எழுதிய வரிசை மட்டும் நான் சொன்ன வரிசையன்று. முதலில் எட்டாம் பாரை எழுதினேன், பிறகு நான்காம் பாரின் நிறுத்தத்தை, அதன்பின் இடைப்பட்டவற்றை. போய்ச் சேரவேண்டிய ஊர் தெரியாமல் வண்டி கட்டுகிறவர்களால்தான், ஏழாம் பாரில் திடீரென்று ஸட்ஜத்தைத் தேடி ஓடும் மெட்டுகள் எழுதப்படுகின்றன.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகள் இந்த வினாவுக்கு வரும்போது, ஒரு பெரிய வசதியும் ஒரு விசித்திரமான இடைஞ்சலும் அவர்களுடன் வருகின்றன. தேர்வுக்கூடத்தில் பியானோ கிடையாது. வாய்விட்டுப் பாடவும் முடியாது. எழுதியது எப்படி ஒலிக்கும் என்பதை உள்ளுக்குள்ளேயே கேட்டாகவேண்டும். வரிசைகளையும் அலங்காரங்களையும் மூன்று காலத்திலும் பாடிப் பழகிய குழந்தைக்கு, சுரத்தைப் பார்த்ததும் அதன் ஒலி மனத்தில் எழுந்துவிடும். முத்துஸ்வாமி தீட்சிதர் மேலை மெட்டுகளுக்கு வடமொழியில் எழுதிய நோட்டுஸ்வரங்களைப் பாடியிருந்தால் இன்னும் நல்லது. 'ஷ்யாமளே மீனாக்ஷி' பாடத் தெரிந்தவருக்கு, போய்த் திரும்பிவரும் மூன்று பகுதி அமைப்பைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

இடைஞ்சல் மைனர் கீயில்தான் தொடங்குகிறது. கீ என்பது ஒரு மெட்டு ஸட்ஜமாகக் கொள்ளும் சுரமும் அதன் ஸ்கேலும். ஹார்மானிக் மைனர் நம் கீரவாணி. அதன் த-வுக்கும் நி-க்கும் இடையில் ஒன்றரை முழு இடைவெளி இருக்கிறது. நம் காதுக்கு அதுவே அந்த ராகத்தின் அழகு என்பதால், மாணவர்கள் அந்த இடத்தைத் தேடிப்போய் எழுதுவார்கள். அங்கேயோ, மெட்டில் அந்தத் தாண்டல் கரடுமுரடாகக் கருதப்படும். ஏறும்போது த-வையும் உயர்த்திக் கௌரிமனோகரி போலவும், இறங்கும்போது இரண்டையும் தாழ்த்தி நடபைரவி போலவும் எழுதவேண்டும் என்பது அவர்கள் வழக்கு. மெலோடிக் மைனர் என்று அதற்குப் பெயர். இதைச் சொன்னபோது, பாட்டு வகுப்பில் தேர்ந்த ஒரு மாணவி, "ஏறும்போது ஒரு ராகம், இறங்கும்போது ஒரு ராகமா சார்?" என்று முகத்தைச் சுளித்தாள். இரண்டும் வெவ்வேறு ராகம் என்று எண்ணிக்கொள்ளாமல், இரண்டும் ஒரே வீட்டின் வாசலும் கொல்லையும் என்று எண்ணிக்கொள் என்றேன். அவள் முழுவதுமாகச் சமாதானம் ஆகவில்லை.

கீ மாற்றும் மாடுலேஷன் இதைவிடக் கடினம் என்று நினைப்பார்கள். நம்மவர்களுக்கு உண்மையில் எளிது. ஸட்ஜத்திலிருந்து டாமினண்ட் ஆகிய பஞ்சமத்துக்குக் கீயை மாற்றவேண்டுமானால், சுத்த மத்யமத்தைப் பிரதி மத்யமமாக உயர்த்தவேண்டும். அதாவது சங்கராபரணத்தில் புறப்பட்டு, நடுவில் கல்யாணியின் சுரங்களைத் தொட்டு, பஞ்சமத்தையே புதிய ஸட்ஜமாகக் கொள்ளவேண்டும். கல்யாணியின் பஞ்சமத்திலிருந்து கிரகபேதம் செய்தால், அதாவது அதையே ஸட்ஜமாகக் கொண்டு அதே சுரங்களைப் பாடினால், மீண்டும் சங்கராபரணமே கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் தலையசைப்பார்கள். எங்கே தவறுகிறார்கள் என்றால், அந்த உயர்த்திய மத்யமத்தைக் கடைசி பாரில் மட்டும் அவசரமாக ஒட்டுவதில்தான். கேட்பவரின் காது புதிய வீட்டுக்குப் பழக வேண்டும். அதற்கு முடிவுக்கு இரண்டு பார் முன்னரே அந்தச் சுரம் வந்து, அடுத்ததாகப் பஞ்சமத்துக்கு ஏறிக் காட்டவேண்டும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி, பியானோவின் நடுவில் உள்ள சி என்ற சுரத்துக்குக் கீழே வரும் ஜி. அதற்கும் கீழே எழுதினால் வாசிக்க ஆளில்லை. புல்லாங்குழலுக்கு எழுதும்போது மூச்சு வாங்க இடம் விடவேண்டும். அதன் அடிச்சுரங்களில் உரத்து வாசிக்கச் சொல்லி ஃபோர்ட்டே குறி இடுவது, எழுதியவர் அந்தக் கருவியைக் கேட்டதே இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். வேகக்குறி, ஒலியளவுக் குறி, சுரங்களை இணைத்து வாசிக்கச் சொல்லும் வளைகோடான ஸ்லர் ஆகியவற்றை மெட்டோடு சேர்த்தே எழுதுங்கள். நேரம் முடியும் தறுவாயில் உப்புத் தூவுவது போலத் தூவாதீர்கள். தொடக்கம் தாளத்துக்கு முன்னதாக, நம் அதீத எடுப்பைப் போல, ஓர் எண்ணிக்கை முந்தி வந்தால், கடைசி பாரில் அந்த ஓர் எண்ணிக்கையைக் குறைத்து முடிக்கவேண்டும் என்பது மட்டும் மறக்கலாகாதது.

முன்பு ஐந்தாம் கிரேடில், ஆங்கிலக் கவிதை வரிகளைக் கொடுத்து அவற்றுக்கு மெட்டெழுதும் வாய்ப்பும் இருந்தது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் அதை விட்டு ஓடிவிடுவார்கள். எழுதத் துணிந்தவர்களும் ஒரே இடத்தில் இடறினார்கள். தமிழ் யாப்பில் குறிலும் நெடிலும் சேர்ந்து நேர், நிரை என்று அசையாகின்றன. ஓசையின் கால அளவே நமக்குக் கணக்கு. ஆங்கிலத்திலோ அழுத்தம்தான் கணக்கு. 'அகெய்ன்' என்ற சொல்லில் இரண்டாம் அசை அழுத்தம் பெறும். 'ரிமெம்பர்' என்பதில் நடு அசை. இவற்றின் முதல் அசையைப் பாரின் முதல் எண்ணிக்கையில் வைத்தால், ஆங்கிலேயர் காதுக்கு அது நாம் 'கண்ணகி'யைக் 'கணகி' என்று கேட்பதைப் போல உறுத்தும். வரியை மெட்டில்லாமல் உரக்கப் படித்து, எங்கே குரல் அழுந்துகிறதோ அதற்கு முன்னால் பாரைப் பிரிக்கும் கோட்டை இட்ட பிறகுதான் சுரத்தைத் தேடவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். வினா போய்விட்டாலும் அந்தப் பயிற்சியை நான் நிறுத்தவில்லை. கருவி மெட்டு எழுதும்போதும் எது வலுவான எண்ணிக்கை, எது மெலிந்தது என்பதை அது கற்றுத்தருகிறது.

நாளுக்கு ஒரு மெட்டு, அதற்குப் பதினைந்து நிமிடம், கருவியைத் தொடாமல். எழுதி முடித்த பிறகே வாசித்துப் பார்க்கவேண்டும். மனத்தில் கேட்டதும் கருவியில் ஒலித்ததும் எந்த இடத்தில் வேறுபட்டன என்று பென்சிலால் வட்டமிடவேண்டும். முதல் மாதத்தில் தாள் முழுவதும் வட்டங்களாக இருக்கும். இன்றைக்கு ஒரு தொடக்கம் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பாருக்கு நான்கு எண்ணிக்கை, சங்கராபரணச் சுரங்கள், கருவி புல்லாங்குழல்: ஸ ரி க ப, ம க ரி, ரிஷபத்துக்கு இரண்டு எண்ணிக்கை. மீதி ஆறு பார் உங்களுடையவை. வணக்கம்.