சத்தி ரோட்டுக்கு எந்த ரயில்?

நேயர்களுக்கு வணக்கம். கோவைக்கு எந்த வகை ரயில் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், சென்னையில் ஓடுவதைப் போன்ற மெட்ரோ வந்தால்தான் ஊருக்குப் பெருமை என்ற எண்ணமே முன்னால் வந்து நிற்கிறது. தரையோடு ஓடும் இலகு ரயில் போதுமே என்று யாராவது சொன்னால், நமக்கு மட்டும் ஏன் இரண்டாந்தரம் என்று உடனே கோபம் வருகிறது. கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சத்தி ரோட்டில், காலை எட்டரை மணிக்குச் சரவணம்பட்டியில் நிற்பவருக்கு வேண்டியது, நடந்து போகும் தூரத்தில் ஒரு நிறுத்தமும், கால் கடுக்க நிற்கவைக்காமல் அடுத்தடுத்து வரும் வண்டியும்தான். அந்த வண்டி தரைக்கு மேலே ஓடுகிறதா, கீழே ஓடுகிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

எங்கே பேசினாலும் நான் எடுத்துச் சொல்லும் ஊர் ஒன்று உண்டு. முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கனடா நாட்டு டொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ, ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் இடம். அங்கே 1985 முதல் தனிப்பாதையில் ஒரு சிறு ரயில் ஓடிவந்தது. அது பழசாகிப்போனதால், ஏழு நிறுத்தங்கள் கொண்ட இலகு ரயிலை அமைப்பதென்று முடிவாயிற்று. நகர மையத்தில் இருப்பவர்களுக்குச் சுரங்க ரயில், எங்களுக்கு மட்டும் இதுவா என்ற குரல் எழுந்தது. 2013இல் நகர மன்றம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, மூன்று நிலையங்களோடு சுரங்கப்பாதையை நீட்டுவதென்று வாக்களித்தது. செலவு ஏறியது, 2016இல் மூன்று நிலையம் ஒன்றாகச் சுருங்கியது, 2019இல் மாகாண அரசு தலையிட்டு மறுபடியும் மூன்றாக்கியது. இப்படி ஏழு, மூன்று, ஒன்று, மூன்று என்று எண்ணிக்கை மாறிக்கொண்டிருக்கையில், 2023 ஜூலையில் அந்தப் பழைய ரயிலின் கடைசிப் பெட்டி தடம்புரண்டது. அத்தோடு அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். அது திரும்பத் திறக்கப்படவே இல்லை. பயணிகளைப் பேருந்தில் ஏற்றினார்கள்.

சுரங்கப்பாதை கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இலகு ரயிலில் வருபவர் பாதி வழியில் இறங்கி வேறு ரயில் மாறவேண்டும். நேரடிப் பாதையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாறும் தொல்லைக்குப் பயந்து, நிறுத்தங்களில் பாதிக்கு மேல் இழந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். தோட்டத்தில் போர்வெல் போட்ட யாருக்கும், சில அடி மண்ணுக்குக் கீழே கொங்கு நாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் பாறையைத் தொட்டதும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்பது நீங்கள் பார்த்ததே. பாறைக்குள் சுரங்கம் குடைய முடியும். அதற்கான இயந்திரங்கள் உண்டு. ஆனாலும் பூமிக்கடியில் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், தூண்களின் மேல் போகும் பாதையைப் போல இரண்டு, மூன்று மடங்கு செலவு பிடிக்கும். குடைவதை விட நிலையம் கட்டுவதுதான் பணத்தை விழுங்குகிறது: காற்றோட்டம், தீயணைப்பு ஏற்பாடு, நகரும் படிகள் எல்லாமே ஆழத்தில் அமைய வேண்டும். பயணியும் இரண்டு மாடி இறங்கி, இரண்டு மாடி ஏற வேண்டும். கணபதியிலிருந்து காந்திபுரம் போகிறவர், படியில் செலவிடும் நேரத்தில் பாதி வழி போயிருப்பார்.

இலகு ரயிலிலும் சிக்கல் இருக்கிறது. மத்திய அரசு 2019இல் மெட்ரோலைட் என்ற பெயரில் வெளியிட்ட வரையறையின்படி, நெரிசல் வேளையில் ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை அது ஏற்றிச் செல்லும். ஆனால் அதற்குச் சாலையில் தனித்தடம் ஒதுக்க வேண்டும். சிக்னலில் அதற்கு முதலிடம் தரவேண்டும். ஒதுக்காவிட்டால் கொல்கத்தா டிராம் பல தெருக்களில் காருக்கும் பேருந்துக்கும் நடுவே சிக்கி நின்றதைப் போல நிற்கும். சென்னையில் 1895இல் தொடங்கிய டிராம், 1953இல் ஓட்டத்தை நிறுத்தியது. சாலையில் இடம் கொடுக்கும் துணிச்சல் நம்மிடம் இருக்கிறதா என்பதே எனக்குள்ள ஐயம். அவினாசி சாலையின் நடுவில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025இல் திறக்கப்பட்டுவிட்டதால், அங்கே அந்தப் பேச்சுக்கே வழியில்லை. பாலத்தின் பக்கவாட்டில் உயர்த்திக் கொண்டுபோவதுதான் மிச்சம். சத்தி ரோட்டில், நெரிசலான இடங்களில் மட்டும் உயர்த்தி, மற்ற இடங்களில் தரையிலேயே ஓடவிடலாம் என்பது என் கருத்து.

2025 நவம்பரில் கோவை மெட்ரோ முன்மொழிவு தில்லியிலிருந்து திரும்பி வந்தது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்ற 2017ஆம் ஆண்டுக் கொள்கை அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்குப்படி 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் 21 லட்சத்தைத் தாண்டும். வேலைக்கு வருபவர்கள் எல்லைக்கல்லைப் பார்த்தா வருகிறார்கள்?

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வட்ட ரயிலைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒரு வாக்கியத்தில் முடிக்கிறேன். கோவை சந்திப்பு, வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், போத்தனூர் என்று நகரைச் சுற்றிவரத் தண்டவாளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. புதிய பாதை எதுவானாலும், இந்த நிலையங்களில் ஒன்றின் வாசலிலாவது அது வந்து நிற்கும்படி வரையுமாறு திட்டமிடுவோரைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.