ஈரல் கட்டியும் பயொப்சிப் படிவமும்

வணக்கம் நேயர்களே. சிறுநீரகமோ ஈரலோ மாற்றிக்கொண்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், பிரெட்னிசொலோன் குளிசைகளோடு கிளினிக்குக்கு வந்துபோகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். அவர்களுக்கும் எச்.ஐ.வியோடு வாழ்பவர்களுக்கும் எப்போதாவது வரக்கூடிய, சார்கோமா என்னும் ஓர் ஈரல் கட்டியைப் பற்றியதே இன்றைய உரை.

ஈரலில் கட்டி என்றதும் "ஆள் குடிப்பாரோ?" என்பதுதான் நம்மவரின் முதல் கேள்வி. இந்தக் கட்டிக்கும் குடிக்கும் சம்பந்தமில்லை. ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈரற் கலங்களில் பிறப்பவை. சார்கோமாவோ தசையிலும் குருதிக்குழாய்ச் சுவரிலும் பிறப்பது. ஈரற் புற்றுநோயாளர் நூறு பேரில் ஒருவருக்கு அது இருந்தாலே அதிகம்.

எதிர்ப்புச் சக்தி குன்றியவரிடம் இந்தக் கணக்கு மாறுகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் (ஈபிவி) பெரியவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் உடலில் ஏற்கெனவே குடியிருக்கிறது. காவல் தளரும்போது அது மழமழப்பான தசைக் கலங்களுக்குள் புகுந்து அவற்றைப் பெருகவைக்கும். எயிட்ஸ் நோயுள்ள சிறுவர்களிலும் உறுப்பு மாற்றியவர்களிலும் இந்தத் தொடர்பு 1995இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது.

ஸ்கேனில் இது ஆளை ஏமாற்றும். விளிம்பு மட்டும் பளிச்சிட்டு, நடு மங்கலாகத் தெரிந்தால் சீழ்க்கட்டி போலவும் காசநோய்க் கட்டி போலவும் இருக்கும். ஈரற் கலப் புற்றுநோயைத் தேடச் செய்யும் ஏஎஃப்பி குருதிப் பரிசோதனையும் பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். "எதற்கும் காசநோய் மருந்தைத் தொடங்குவோம்" என்பது இங்கே ஆபத்தான யோசனை. ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவைக் குருதியில் சடாரென்று இறக்கிவிடும். கட்டி அப்படியே இருக்க, மாற்றிய சிறுநீரகம் பழுதாகும். ஈபிவி எதிருடல் பொசிட்டிவ் என்ற அறிக்கையும் எதையும் நிரூபிக்காது. அது உங்களுக்கும் எனக்கும்கூட பொசிட்டிவாகத்தான் இருக்கும்.

ஆகவே பயொப்சி, அதாவது ஊசியால் கட்டியின் துண்டை எடுத்துச் சோதிப்பது. அதற்கு முன் குருதித்தட்டுகள் 50,000க்கு மேல் இருக்கின்றனவா, குருதி உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5க்கு மேல் போகவில்லையா என்று பார்ப்பது வழக்கம். குருதிக்குழாய்ச் சார்கோமா என்ற சந்தேகம் இருந்தால் ஊசியால் கடும் குருதிப்பெருக்கு நேரலாம். கதிரியல் நிபுணரோடு முதலில் பேச வேண்டும். எடுத்த துண்டுகளை இரண்டு போத்தல்களில் பிரிக்க வேண்டும். ஒன்றில் 10 வீத ஃபோமலின், துண்டின் பருமனைப்போல் பத்து மடங்கு. மற்றதில் கிருமி நீக்கிய சேலைன். ஃபோமலினில் விழுந்த துண்டில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது, கிருமி செத்துவிடும். போத்தல்களை வீட்டார் கையில் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தனுப்பும் நிலை வந்தால், எது எது என்று லேபலில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

என் கணிப்பில் அதிகம் கோட்டைவிடுவது துண்டோடு அனுப்பும் படிவத்தில்தான். "ஈரல் கட்டி" என்று மட்டும் எழுதினால், நோயியல் நிபுணர் நூற்கதிர் வடிவக் கலங்களையும் தசைப் புரதத்தையும் கண்டு, சாதாரண லெயோமயோசார்கோமா (மழமழப்பான தசையில் பிறக்கும் சார்கோமா) என்று அறிக்கை தருவார். எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எந்த ஆண்டு, என்ன மருந்து என்று எழுதியிருந்தால் ஈபர் என்னும் வைரஸ் சாயப் பரிசோதனை அவருக்கு நினைவுக்கு வரும். கருப்பையிலோ குடலிலோ இருந்து பரவியதல்ல என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

வைரஸ் வகையா, சாதாரண வகையா என்ற இந்த வேறுபாட்டில்தான் சிகிச்சை தங்கியிருக்கிறது. வைரஸ் வகையில் பல இடங்களில் கட்டி இருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே முளைத்ததாக இருக்கலாம். அதைப் பரவல் என்று எண்ணிக் கைவிடக் கூடாது. வெட்டக்கூடியதை வெட்டி, எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பார்கள். சிலருக்கு அதே வேலையைச் செய்யும் சிரோலிமஸ் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். சிரோலிமஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் சத்திரசிகிச்சைத் திகதியோடு பொருத்தியே மாற்ற வேண்டும். குளிசையைத் தாமாக நிறுத்தினால் மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்கும்.

உறுப்பு மாற்றாதவருக்கு ஈபர் பொசிட்டிவ் என்று வந்தால் எச்.ஐ.வி பரிசோதனை அவசியம். கொழும்பு 10, டி சேரம் பிளேஸிலுள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அதை இலவசமாகச் செய்யலாம். விபரம் இரகசியமாக வைக்கப்படும்.