யாரும் விற்க முடியாத தோட்டம்
(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் வந்து உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் கைப்பேசியை எடுத்து அமைப்புகளுக்குள் போங்கள், கைப்பேசியைப் பற்றி என்ற பகுதியில் சட்டத் தகவல் இருக்கும், அதற்குள் திறமூல உரிமங்கள், அதாவது யாரும் பார்த்துத் திருத்திப் பகிரலாம் என்று வெளியிட்ட மென்பொருள்களின் நிபந்தனைகள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதா? சரி, போதும், கடைசி வரை போனால் தேநீர் ஆறிவிடும்.

அந்தக் கைப்பேசியின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல், மற்ற மென்பொருளையெல்லாம் தாங்கி நிற்கிற அடிப்படை மென்பொருள். 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. முதலில் அவர் போட்ட நிபந்தனை, இதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது. நல்ல மனசுதான், ஆனால் பிளாப்பி தட்டில் நகல் எடுத்துக் கொடுக்கிற செலவைக்கூட வாங்க முடியாமல் போனது. அடுத்த ஆண்டே ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார்.

ஜிபிஎல் என்ன சொல்கிறது? லயத்தில் உறைமோர் வாங்கியிருப்பீர்கள். வாங்கி வந்து உங்கள் வீட்டில் தயிராக்கிச் சாப்பிட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அதே தயிரை விற்றால், வாங்கியவர் கேட்கும்போது உறைமோரும் கொடுக்க வேண்டும், அதாவது மென்பொருளை எழுதிய மூலநிரலை, அதே உரிமத்தில். பிஎஸ்டி என்ற இன்னொரு உரிமம் அப்படிக் கட்டாயப்படுத்தாது, யார் கொடுத்தது என்று பெயரை மட்டும் விடாமல் சொல்லிவிட்டுப் பானையை மூடிக்கொள்ளலாம். ஆப்பிளின் மேக் கணினிக்குள் பிஎஸ்டி நிரல் நிறைய இருக்கிறது. தப்பில்லை, அனுமதித்துத்தான் எழுதினார்கள். எனக்கு ஜிபிஎல்தான் பிடிக்கும்.

இப்போது நம் ஊர்க் கதை. வெள்ளைக்காரத் துரைகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, உழைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1960இல் இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். தனி ஆளாக நினைத்து விற்க முடியாதபடி பங்கு பல கைகளில் இருந்தது.

லினக்ஸில் இது இன்னும் கெட்டி. எழுதியவர்கள் பதிப்புரிமையை லினஸிடம் எழுதிக் கொடுப்பதில்லை, அவரவர் எழுதிய நிரல் அவரவருக்கு. உரிமத்தை மாற்ற வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கானவர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும், அதில் சிலர் இறந்தே போய்விட்டார்கள். 2007இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது, லினஸுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் அவர் தனியாக மாற்றியிருக்க முடியாது.

அப்போ கங்காணியே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர், அவர் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் மேலே போகும், சிலர் வாய்த்துடுக்கும் அதிகம், லினஸே 2018இல் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார். ஆனால் கங்காணியைப் பிடிக்காவிட்டால் மொத்தத் தோட்டத்தையும் நகல் எடுத்துக்கொண்டு வெளியேறலாம். 1995இல் நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு திறமூல இயங்குதளத்தின் குழுவோடு ஒத்துப்போகாத தியோ டி ராட் அப்படிப் போய்த் தொடங்கியதுதான் ஓபன்பிஎஸ்டி.

முன்வரிசையில் ஓர் அக்கா கை தூக்கினார், பால் மரம் வெட்டி ஓய்ந்தவர். "இவங்களுக்குச் சம்பளம் யாருப்பா கொடுக்கறா?"

பெரும்பாலும் கம்பெனிகள்தான் அக்கா. இன்டெல், கூகுள், ரெட் ஹாட் மாதிரி இடங்களில் வேலை செய்தபடியே எழுதுகிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் போட்டிக்காரர்கள், ஆனாலும் ஒரே காட்டில்தான் பால் வெட்டுகிறார்கள்.

"சண்டை வராதா?"

தினமும் வருகிறது.