வராதவர் யார்?

சகோதர சகோதரிகளே, ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எல்லாச் சபையிலும் எண்ணுகிறார்கள். போன ஞாயிறு வராதவர் யார் என்று கேட்டால் போதகர் மூப்பரைப் பார்ப்பார், மூப்பர் செயலரைப் பார்ப்பார். பேச்சை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிச் சபை பெருகும்போதுதான் முறுமுறுப்பு வந்தது. கிரேக்கு பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்வதில், விடுபட்டுப்போனார்கள். அந்தப் பந்தி வேலைக்குச் சபையார் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் போலும்! நம் கமிட்டிகளுக்கு இந்தத் துணிச்சல் வருமா? அந்த ஏழு பேரில் ஒருவரான பிலிப்புதான் 8-ஆம் அதிகாரத்தில் சமாரியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுபோகிறார். பந்தி விசாரித்தவரும் அவரே, மிஷனெரியும் அவரே. நாம்தான் இரண்டுக்கும் தனித்தனிக் கமிட்டி வைத்துப் பிரித்துவிட்டோம்.

இன்னொன்று. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் கட்டடக் கடனை அடைக்க ஒரு வழி கண்டார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு வசூல்காரர். வீடு வீடாகப் போனவர்கள் காசோடு செய்தியும் கொண்டுவந்தார்கள்: யார் தடுமாறுகிறார், எந்த வீட்டில் சண்டை. இப்படி ஆரம்பித்ததுதான் மெதடிஸ்டுகளின் ‘வகுப்பு’க் கூட்டம்.

ஆகவே சபையார் வீடுகளில் கூடும் வீட்டுக் குழு எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேருக்குள் இருக்கட்டும். பதினைந்தைத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தலைவரிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும். இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள், கடைசிக் கட்டத்தில் ‘யார் போய்ப் பார்த்தது’. ஒரு வாரம் வராவிட்டால் போன். இரண்டாவது வாரமும் வராவிட்டால் நேரில். மூன்றாவது வாரம்வரை காத்திருந்தால், “என்னை யாரும் தேடவில்லை” என்ற பேச்சு அவர் வீட்டில் பிறந்திருக்கும். பார்க்கப் போகிறவர் “ஏன் வரவில்லை?” என்று ஆரம்பிக்கக் கூடாது. “எப்படி இருக்கிறீர்கள்?” போதும்.

குழுக்கள் கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில். தலைவர் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணிவிடுவார். வசனத்துக்கு இருபது நிமிடம், மீதியெல்லாம் பேச்சுக்கும் ஜெபத்துக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றது, ஜெபக் குறிப்பு வம்பாக மாறுவது. “அந்தச் சகோதரிக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்” என்று வீட்டுச் சங்கதியை ஊருக்கே சொல்வோர் உண்டு. ஒருமுறை வெளியே கசிந்தால் அந்தக் குழுவில் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

குழுவைப் பிரிப்பதும் வலிக்கும். பன்னிரண்டு பேர் ஆன பிறகு புதுக் குழுவுக்குத் தலைவரைத் தேடாதீர்கள். முதல் நாளே ஒரு துணைத் தலைவரை வையுங்கள். ஆறு மாதத்தில் பாதிக் கூட்டங்களை அவர் நடத்தியிருக்க வேண்டும். பிரியும்போது அவரோடு போக நாலைந்து பேர் தாங்களாகவே முன்வருவார்கள். தெருவாரியாகப் பட்டியல் போட்டுப் பிரித்தால் இரண்டு குழுவும் சோர்ந்துபோகும்.

புதிதாக வருகிறவர்? ஆராதனை முடிந்த பத்து நிமிடத்தில் அவர் தனியாக நின்றால், வாசலில் கைகுலுக்கியதெல்லாம் வீண். அந்தப் பத்து நிமிடம் சபை வேலை பேசக் கூடாது என்று மூப்பர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அங்கே கணக்குப் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக அனுப்புதல். அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபையின் ஊழியர்களாக ஐந்து பேரின் பெயர் சொல்லப்படுகிறது. அவர்களில் பர்னபாவையும் சவுலையும் அனுப்பினார்கள். நாமோ, மிஞ்சிய ஆளையும் மிஞ்சிய காணிக்கையையும் அனுப்புகிறோம். மிஷன் தொகை பட்ஜெட்டின் முதல் வரியில் வரட்டும். கட்டடச் செலவுக்குப் பின்னால் எழுதினால் எந்த ஆண்டும் மிஞ்சாது. மிஷனெரியாகப் போனவர் பெயரைக் குழு நோட்டிலிருந்து அடிக்காதீர்கள். மாதம் ஒரு போனுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பர்னபாவும் சவுலும் திரும்பி வந்ததும் சபையைக் கூட்டி எல்லாவற்றையும் அறிவித்தார்கள் என்று 14-ஆம் அதிகாரம் சொல்கிறது. உங்கள் மிஷனெரி வரும் ஞாயிறன்று, அறிவிப்புகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கொடுத்து உட்காரவைத்துவிடாதீர்கள்; பிரசங்க நேரத்தையே கொடுங்கள்.